கை பட்ட குட்டி கூடி விளையாடும்



தாய்மார் கூட்டங்களில் பேசப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "தூக்கியே வெச்சிருந்தா பிள்ளை கைச்சூட்டுக்குப் பழகிடாதா? அப்புறம் கீழே விட்டா அழுமே!" என்று பாட்டிமார் கேட்பார்கள். தகப்பன்மாரோ, "கைப்பிள்ளையைத் தூக்குறது பொம்பளைங்க வேலை" என்று ஒதுங்கிவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து இன்று எலிகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எலியா என்று சிரிக்க வேண்டாம். விஞ்ஞானிகள் சோதித்துக் கண்ட உண்மை இது.

எலிக்குட்டியும் விளையாடும்

எலிக்குட்டிகள் பிறந்த 17, 18 நாட்களில் விளையாடத் தொடங்கும். 30 முதல் 40 நாள் வயதில் ஆட்டம் மும்முரமாக இருக்கும். ஒன்று மற்றதன் பிடரியை மூக்கால் உரசும். அது மல்லாக்கப் புரளும். இது மேலே ஏறி அமுக்கும். சற்று நேரத்தில் கீழே கிடந்தது மேலே வந்துவிடும். இது சண்டையல்ல, கூடிப் பழகுவதற்கான பயிற்சி.

ஆனால் பயந்த குட்டி விளையாடாது. கூண்டில் கொஞ்சம் பூனை மயிரைப் போட்டால் போதும், ஆட்டம் நின்றுவிடும். பயமில்லாத மனசுக்குத்தான் விளையாட்டு வரும்.

கை பட்டதால் வந்த மாற்றம்

அமெரிக்காவில் சீமோர் லெவின் என்ற ஆய்வாளர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். பிறந்த எலிக்குட்டிகளைத் தினமும் சில நிமிடம் கையில் எடுத்து, மறுபடி தாயிடம் விட்டார். வேறு சில குட்டிகளைத் தொடவே இல்லை. வளர்ந்த பிறகு பார்த்தால், தொடாமல் விட்டவைதான் புது இடத்தில் மிரண்டு ஒடுங்கின. கை பட்டவை தைரியமாகச் சுற்றி வந்தன. பிற்பாடு செய்த சில சோதனைகளில், கை பட்ட குட்டிகள் கூட்டாளியோடு அதிகமாக விளையாடியதையும் கண்டார்கள்.

மனிதன் கையில் என்ன மந்திரம்? மந்திரம் ஒன்றும் இல்லை. குட்டி திரும்பி வந்ததும் தாய் எலி அதை ஆசையோடு நக்கி நக்கிக் கொடுக்கிறது. கனடாவில் மைக்கேல் மீனியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-இல் இதை விளக்கினார்கள். அதிகமாக நக்கி வளர்த்த தாயின் குட்டிகளுக்கு, பயம் வரும்போது உடம்பில் ஊறும் ஹார்மோன் அளவோடு ஊறியது. 1999-இல் இன்னொன்றும் வெளிவந்தது. குறைவாக நக்கும் தாயின் குட்டியை அதிகமாக நக்கும் தாயிடம் விட்டால், அதுவும் பயம் குறைந்து வளர்ந்தது. பிறப்பு மட்டுமல்ல, வளர்ப்பும் குணத்தை ஆக்குகிறது.

எதற்கும் அளவு உண்டு. தினமும் மூன்று மணி நேரம் தாயைப் பிரித்து வைத்த பல சோதனைகளில் குட்டிகள் அதிகப் பயத்தோடு வளர்ந்தன. ஆக, நன்மை செய்தது பிரிவு அல்ல, தாயின் அரவணைப்புதான்.

நமக்கு என்ன பாடம்?

எலி வேறு, மனிதக் குழந்தை வேறு. ஆனாலும் தொட்டு வளர்ப்பது மனிதக் குழந்தைக்கும் மிகவும் தேவை. எடை குறைந்து பிறந்த சிசுவைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறை, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கியது. அது சிசுக்களின் உயிரைக் காப்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. ஆகவே,

1. அழும் கைக்குழந்தையைத் தூக்குங்கள். தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போகாது.

2. வயல் வேலைக்குப் போகும் தாய்மார்கள் மனம் நோக வேண்டாம். குழந்தையைப் பாட்டியிடமோ, பிள்ளையின் அப்பாவிடமோ ஒப்படைத்துப் போங்கள். வந்ததும் கைகால் கழுவி, மடியில் போட்டுப் பால் கொடுத்துக் கொஞ்சுங்கள். அடுப்பு வேலை கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

3. தகப்பன்மார்களே, பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உங்களாலும் முடியும். தூக்குங்கள், தடவிக் கொடுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள்.

4. பச்சைக் குழந்தையின் கழுத்து நிற்காது. தூக்கும்போது தலைக்குக் கை கொடுங்கள். குழந்தையை ஒருபோதும் பிடித்துக் குலுக்காதீர்கள். மேலே தூக்கிப் போட்டும் பிடிக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்து.

5. நடக்கத் தொடங்கிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். கண் பார்வையில் இருந்தால் போதும்.

காசு பணம் இல்லாத வீட்டிலும் கை இருக்கிறது, மடி இருக்கிறது. இன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவிவிட்டு, பிள்ளையை வாரி எடுங்கள். மற்ற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.