மெத்திலீன் ப்ளூ நிறம் போனால் மட்டும் வேலை கிடைக்காது

'நானோ டைட்டானியம் டை ஆக்சைடு கொண்டு சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு' என்று ரெஸ்யூமேயில் ப்ராஜெக்ட் தலைப்பு போட்டிருக்கிறீர்களா? அதே தலைப்போடு இன்னும் பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சுரண்டையில் பஸ் ஏறித் திருப்பூர் சாய ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் (ஈ.டி.பி.) கெமிஸ்ட் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிற நீங்கள், அந்தப் பத்துப் பேரை எப்படித் தாண்டுவது?

1. போட்டோகேட்டலிசிஸின் அடிப்படையை ஒரே நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் கேட்டலிஸ்ட்டில் எலக்ட்ரான் மேலே தாவுகிறது, கீழே ஒரு ஹோல் மிஞ்சுகிறது. நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து இவை உண்டாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் சாய மூலக்கூறை உடைக்கின்றன. அடுத்த கேள்வி உறுதி: "வெயிலில் எவ்வளவு வேலை செய்யும்?" டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகைக்கு பேண்ட் கேப் 3.2 எலக்ட்ரான் வோல்ட். சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழுள்ள யு.வி.தான் அதற்கு வேண்டும். சூரிய ஒளியில் அது 5 சதவீதம் அளவுக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்க வேண்டுமென்றால் 2.7 எலக்ட்ரான் வோல்ட் பேண்ட் கேப் உள்ள கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு பக்கம் போகலாம். யூரியாவை மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரி வாக்கில் சுட்டாலே கிடைக்கும். அம்மோனியா வரும், ஆகவே ஃப்யூம் ஹூட் கட்டாயம். நிதி இல்லாத கல்லூரிக்கும் இது கைக்கெட்டும்.

2. நிறம் போனதைச் சாதனையாகக் காட்டாதீர்கள். மெத்திலீன் ப்ளூ சாயத்துக்கு 664 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் இறங்கியது என்றால் நிறம் தரும் பகுதி சிதைந்தது என்று மட்டுமே பொருள். உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கலாம். மிச்சமிருக்கும் ஆர்கானிக்ஸைக் காட்டும் சி.ஓ.டி., டி.ஓ.சி. எண்களைச் சொல்லுங்கள். இருட்டில் அரை மணி நேரம் கலக்கி, தூளின் மேல் ஒட்டியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். மெத்திலீன் ப்ளூவே ஒளியை உறிஞ்சிக் குழப்பம் செய்யும் என்பதால் ஃபீனால் போன்ற நிறமற்ற பொருளிலும் ஒரு ரன் எடுங்கள். சி.ஓ.டி.க்கான டைக்ரோமேட் டைட்ரேஷனைக் கையால் செய்யத் தெரிந்தவருக்கு ஈ.டி.பி.யில் மதிப்பு அதிகம்.

3. இதுதான் முக்கியம்: உப்பு. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டாமல் திறக்க முடியாது என்றது. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு பெரிது. எந்த போட்டோகேட்டலிஸ்ட்டும் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இல்லாமல் அந்த வேலை நடக்காது. குளோரைடு நிறைய இருந்தால் ரேடிக்கல்களையும் அது தின்றுவிடும். இதைப் பேனல் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள். கூடவே, "உயிரியல் சுத்திகரிப்பைத் தாண்டி வரும் பிடிவாதமான ஆர்கானிக்ஸை ஆர்.ஓ.வுக்கு முன் குறைக்க இது உதவலாம்" என்று இடத்தையும் காட்டுங்கள். குறையைச் சொன்னவர் தீர்வையும் சொன்னால் பேனலுக்கு நம்பிக்கை வரும்.

4. தூளை எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? லேபில் சென்ட்ரிஃபியூஜ் போதும். லட்சம் லிட்டரில் அது நடக்காது. கண்ணாடி மணியில் பூசுவது, காந்தத்தால் இழுக்கும் ஃபெரைட்டோடு சேர்ப்பது என இரண்டு வழியாவது தெரிந்திருக்கட்டும். ஐந்து சைக்கிளுக்குப் பிறகும் எவ்வளவு வேலை செய்கிறது என்ற எண் கையில் இருக்கட்டும்.

5. நம்ம ஊர் வானத்தை டேட்டாவில் சேருங்கள். குற்றால சீசனில் சாரலும் மேகமும் நிமிடத்துக்கு நிமிடம் ஒளியை மாற்றும். ஏப்ரல் வெயிலில் எடுத்த ரீடிங்கை ஜூலை ரீடிங்கோடு அப்படியே ஒப்பிட்டால் ரிசல்ட் நிற்காது. யு.வி. மீட்டர் கடன் வாங்கியாவது ஒவ்வொரு ரன்னிலும் அளவு குறியுங்கள். பக்கத்தில் நெல் அவிக்கும் ஆலை இருந்தால் அனுமதி கேட்டு அந்தக் கழிவுநீரிலும் சோதியுங்கள். கலங்கல் நீரில் ஒளி உள்ளே போகாது என்பது அன்றைக்கே புரியும். நிஜத் தண்ணீரைத் தொட்டவர் என்ற பெயர் உங்களைத் தனியாகக் காட்டும்.

இன்டர்வியூவுக்கு ஒற்றைத் தாளில் ஒரு அட்டவணை கொண்டு போங்கள்: பி.எச்., டி.டி.எஸ்., சி.ஓ.டி., கேட்டலிஸ்ட் அளவு, நேரம், முன்னும் பின்னும். பேனலில் எத்தனை பேர் என்று தெரியாது, நாலு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.