எட்டரை மணிக் கணக்கு



இந்த மாதம் அறிவியல் பக்கம் என் முறை. எதைப் பற்றி எழுதலாம் என்று அறிவியல் சாரிடம் கேட்டேன். "உன் மழை நோட்டைப் பத்தி எழுதுடா. நீ பண்ணின தப்பையும் சேர்த்து எழுது. அதுதான் பாடம்" என்றார். அதனால் இரண்டையும் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது.

மழை நோட்டு

2024 ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆளுக்கு ஒரு மழைமானி செய்யச் சொன்னார் சார். செய்வது ரொம்ப சுலபம். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல் பாகத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே வைக்க வேண்டும். பாட்டிலின் அடி கோணலாக இருக்கும் என்பதால், கூழாங்கல் போட்டு, கோணல் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அதுதான் பூஜ்ஜியம். அங்கிருந்து மேலே 15 செ.மீ. ஸ்கேலை ஒட்டிவிட்டால் முடிந்தது.

"பாட்டில் பெருசா இருந்தா மழை அதிகமா காட்டுமே சார்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. காட்டாது. வாய் பெரிதானால் விழும் தண்ணீரும் அதிகம், அது பரவும் இடமும் அதிகம். அதனால் வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருந்தால் டம்ளரிலும் அண்டாவிலும் உயரம் ஒன்றுதான். மழையை லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்வது இதனால்தான். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர்.

தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். இந்தியா முழுவதும் வானிலை நிலையங்களில் இந்த நேரத்தில்தான் 24 மணி நேர மழையை அளக்கிறார்கள். நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய கணக்கு. ஆகவே திங்கட்கிழமை சாயங்காலம் பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வரும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை 'மழை நாள்' என்று எண்ணுவார்கள்.

நான் செய்த தப்பு

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஞாயிறு ராத்திரிதான் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை பார்த்தால் 18 மி.மீ. தண்ணீர். நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று ஞாயிறுக்கு '0' போட்டேன். திங்களுக்கு '18' போட்டேன். திண்டிவனத்தில் மழை இல்லை, அதனால் இங்கேயும் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் "இன்னிக்கி எவ்ளோடா?" என்று கேட்கும். அன்றைக்கும் கேட்டது. "நேத்து ஒண்ணுமில்ல, இன்னிக்கி 18" என்றேன். ஆயா என்னையே பார்த்தது.

"நேத்து ஒண்ணுமில்லையா? நேத்து விடிகாலையிலதான்டா ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சி. களத்துல காயப் போட்ட மல்லாட்டை பூரா நனைஞ்சிது. நானும் உங்க பெரியம்மாவும் தார்ப்பாய் இழுத்து மூடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி. இன்னா நோட்டு எழுதற நீ? நோட்டுல இருக்கறது நெசம்னு இல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பூஜ்ஜியம்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். "மழை இல்லைன்னு சார்." "காலி கட்டம்னா?" "நான் பார்க்கலைன்னு சார்." "இரண்டும் ஒண்ணா?"

இரண்டும் ஒன்றில்லை. பூஜ்ஜியம் என்பது ஓர் அளவு. ஒருவர் போய்ப் பார்த்து, பாட்டில் காய்ந்திருந்தால்தான் அதை எழுதலாம். அன்றே சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஞாயிறு: பார்க்கவில்லை. திங்கள்: இரண்டு நாள் சேர்த்து 18 மி.மீ.' என்று எழுதினேன். அந்தப் பக்கம் இப்போதும் நோட்டில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மலை உச்சியில் கணக்கு எழுதியவர்கள்

நம் ஒரு நோட்டுக்கே இவ்வளவு பாடு. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல் எழுதுவது என்றால்? நம் தமிழ்நாட்டிலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வு நிலையம் வந்தது. சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் இருக்கிறது. அந்த நிலையத்தின் வானியலாளர் தாமஸ் கிளான்வில் டெய்லர் என்பவர். சமவெளியில் மட்டும் அளந்தால் போதாது என்று நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் ஒரு வானிலை பங்களா அமைத்து அளவெடுக்கச் செய்தார்கள். 8,640 அடி உயரத்தில் 1847, 1848 ஆண்டுகளில் எடுத்த அந்த அளவுகள் சென்னையில் புத்தகமாகவே அச்சாயின. அந்தக் குளிரில், ராத்திரியில், விளக்கை வைத்துக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

அடுத்து கொடைக்கானல். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று நினைத்தார்கள். சூரியனைத் தினமும் பார்க்க மேகமும் தூசியும் குறைந்த மலை வேண்டும். மிச்சி ஸ்மித் என்பவர் மலைகளில் ஆராய்ந்து பழனி மலையில் உள்ள கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் அங்கே நிலையம் அமைந்தது. உயரம் 2,343 மீட்டர். சூரியனை 1904 முதல் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லும் நேர்க்கணக்கு கிடைக்கவில்லை. ஆனால் பதிவுகள் வீண்போகவில்லை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல ஊர்களிலிருந்து வந்த பழைய கணக்குகளை அடுக்கி வைத்துப் பார்த்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று தெரிந்தது. பூங்காவில் சிறுபிள்ளைகள் ஆடும் ஏற்றப் பலகை மாதிரி! இதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். இன்று செய்தியில் வரும் 'எல் நினோ'வோடு சேர்ந்தது இதுதான். யாரோ எங்கேயோ தினமும் ஒழுங்காக எழுதி வைத்த எண்கள்தான் இதற்கு மூலதனம்.

ஒரு நாளில் நடப்பது வானிலை. பல வருஷம் சேர்ந்தால் காலநிலை. சராசரி போட 30 வருஷக் கணக்கு எடுப்பார்கள். ஆனால் நம் நாட்டில் மழைக்கு இப்போது 1971 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டுத்தான் 'மழை அதிகம்', 'குறைவு' என்று சொல்கிறார்கள்.

வெள்ளைப் பெட்டி

வானிலை நிலையங்களில் நான்கு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டியைப் பார்க்கலாம். இதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. பக்கவாட்டில் சாய்ந்த பலகைகள் இருப்பதால் காற்று போகும், வெயில் போகாது. கதவு வடக்குப் பக்கம் இருக்கும், திறக்கும்போது வெயில் படக் கூடாதே! உள்ளே நான்கு வெப்பமானிகள். ஒன்று அப்போதைய வெப்பம். ஒன்று அதிகபட்சம், இதில் பாதரசம். ஒன்று குறைந்தபட்சம், இதில் ஆல்கஹால். நான்காவதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்கிறதல்லவா, அதே கதைதான். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணி நிறையக் குளிரும், ஈரமாக இருந்தால் குளிராது. அந்த வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடலாம்.

ராஜகிரியில் எங்கள் சோதனை

மலை ஏன் குளிர்கிறது? சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம், சுட வேண்டாமா? வெயில் முதலில் தரையைச் சுடுகிறது, தரைதான் காற்றைச் சுடுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவு. ஏறுகிற காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்கிறது. கடற்கரையில் 35 டிகிரி என்றால் கொடைக்கானலில் சுமார் 20. தண்ணீர் கூட அங்கே 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமாகும்.

"நம்ம ஊர்லயே மலை இருக்கும்போது புத்தகத்தை ஏன் நம்பணும்?" என்றார் சார். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகிரிக்குப் போனோம். உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர் அளவு. கணக்குப்படி 1.6 டிகிரி குறைய வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு வெப்பமானிகளையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். முதல் எண் அரை டிகிரி கூடக் காட்டியது. இதைப் பார்க்காமல் போயிருந்தால் எல்லாமே தப்பாகியிருக்கும். பிறகு கீழே கல்யாண மகால் பக்கம் மரநிழலில் ஒரு குழு, உச்சியில் மண்டப நிழலில் எங்கள் குழு. கல்லில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, சரியாகப் பத்தரை மணிக்குப் பார்த்தோம். கீழே 30. மேலே முதல் எண் 29 காட்டியது, அரை டிகிரி கழித்தால் 28.5. வித்தியாசம் 1.5! நாங்கள் கைதட்டினோம். சார் மட்டும், "ஒரு தடவை சரியா வந்தா அதிர்ஷ்டம். பத்துத் தடவை வந்தாத்தான் அறிவியல்" என்று சொல்லிவிட்டார்.

இறங்கும்போது நெற்களஞ்சியத்தையும் குளங்களையும் காட்டினார். மழை சொன்ன நேரத்துக்கு வராது என்று தெரிந்துதான் அந்தக் காலத்தில் நெல்லையும் தண்ணீரையும் சேர்த்து வைத்தார்கள். 2025 ஜூலையில் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானபோது எனக்கு அந்தக் களஞ்சியம்தான் ஞாபகம் வந்தது.

காலியான பக்கம்

கடைசியாக ஒன்று. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது யாருக்கும் மறக்காது. நம் மாவட்டம் மயிலத்தில் டிசம்பர் 1 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டேன்: 20 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 168 லாரி.

எங்கள் ஆயாவின் அரை ஏக்கர் நெல் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "எவ்ளோடா பெஞ்சிது? உழவு மழைன்னா எனக்குச் சொல்லத் தெரியும். இத சொல்லத் தெரியல. உன் நோட்டப் பாரு" என்றது.

நோட்டில் ஒன்றும் இல்லை. மாடியில் வைத்திருந்த பாட்டிலைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கால்வாயில் போட்டிருந்தது. ஒரு செகண்ட் மயிலத்து எண்ணையே எழுதிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மயிலத்தில் பெய்தது மயிலத்துக் கணக்கு. "தெரியல ஆயா. பாட்டில் பறந்துபோச்சு" என்றேன். ஆயா கோபப்படவில்லை. "பரவால்ல. தெரியலன்னு சொன்னியே, அதுவே போதும். அடுத்த மழைக்கு நல்லா கட்டி வை" என்றது.

டிசம்பர் 1 கட்டத்தில் 'மானி விழுந்துவிட்டது. அளவு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இப்போது என் மழைமானி மாடியில் இல்லை. தரையில், மணல் போட்ட டப்பாவுக்குள் பாதி புதைத்து வைத்திருக்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. மரம், சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி மானியை வையுங்கள்.
2. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள்.
3. படித்தவுடன் எழுதுங்கள், பள்ளிக்கு வந்து எழுதலாம் என்று வைக்காதீர்கள்.
4. பார்க்காத நாளைப் 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள்.

ஆளுக்கு ஒரு தெரு என்று பத்துப் பேர் சேர்ந்தால், ஒருவர் ஊருக்குப் போனாலும், ஒரு பாட்டில் பறந்தாலும் செஞ்சியின் கணக்கு நிற்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பெயர் கொடுங்கள். ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம். பாட்டில் நான் வெட்டித் தருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன், அறிவியல் மன்றம்