வரையறைப் பிரிவை முதலில் படி

அன்புத் தம்பிக்கு,

வாஷிங்டனில் மின்துறைச் சட்ட வரைவு வேலையில் சேர்ந்துவிட்டாய் என்றறிந்து மனம் நிறைந்தது. அந்நியத் தாக்குதலிலிருந்து மின்கட்டமைப்பைக் காக்கும் சட்டங்களில் எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். அதிகாரம், அபராதம் எல்லாம் பிறகு. வரையறைப் பிரிவை முதலில் படி.

2010இல் ‘கிரிட்’ மசோதா பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டில் படுத்துவிட்டது. 2015 டிசம்பர் 4 அன்று கையெழுத்தான நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் அதன் சாரம் ஒரு பிரிவாக வந்து சேர்ந்தது. ஆபத்து என்று அதிபர் எழுத்தில் அறிவித்தால், எரிசக்தித் துறைச் செயலர் மின் நிறுவனங்களுக்கு நேரடியாக உத்தரவிடலாம். உத்தரவின் ஆயுள் 15 நாள், தேவைப்பட்டால் புதுப்பிக்கலாம். நல்ல சட்டம். ஆனால் அதன் கை பெரும்பாலும் உயரழுத்த மின்தொகுப்போடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் உள்ளூர் விநியோகத்தை 2005ஆம் ஆண்டின் வரையறை ஒதுக்கிவைத்திருக்கிறது.

கையெழுத்தான 19ஆம் நாள், டிசம்பர் 23 அன்று, உக்ரைனில் இணையவழி அடி விழுந்தது விநியோகத்தின்மீதுதான். கட்டுப்பாட்டு அறையில் யாரும் மவுஸைத் தொடவில்லை. திரையில் சுட்டி தானாக நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கராகத் திறந்தது. ஊழியர்களால் கணினிக்குள் நுழைய முடியவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பொய்யழைப்புகள் அடைத்துக்கொண்டன. மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு ஓடிப்போய் பிரேக்கர்களைக் கையால் போட்டதால்தான் சில மணி நேரத்தில் வெளிச்சம் திரும்பியது. இதற்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் ஆறு பேர்மீது 2020இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. மின்தொகுப்பைக் காக்க அதே 2020இல் வந்த அமெரிக்க அதிபர் ஆணையும் 69,000 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள கம்பிகளோடு நின்றது. உள்ளூர் விநியோகம் மறுபடியும் வெளியே.

இது கவனக்குறைவு என்று நினைக்காதே. விநியோகம் மாநிலங்களின் அதிகாரம். 1935இல் போடப்பட்ட எல்லை. அதை மிதித்து எழுதினால் உன் மசோதா குழுவிலேயே செத்துவிடும். எனவே பணத்தின் வழியாகப் போ. கூட்டுறவு, நகராட்சி மின் நிறுவனங்களின் இணையப் பாதுகாப்புக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் 25 கோடி டாலர் ஒதுக்கியது. அதுபோன்ற நிதியோடு ஒரு நிபந்தனை சேர்: கணினியை நம்பாமல் துணைமின் நிலையத்தைக் கையால் இயக்கும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்க வேண்டும். அந்த வாசகத்தை எழுதுமுன் ஒரு சிறு மின் நிறுவனத்தின் ஃபோர்மேனோடு ஒரு நாள் இருந்துவிட்டு வா. எத்தனை ஆள் வேண்டும், எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதை அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்