முன்னச்சு

மாட்டு வண்டியின் அச்சு ஒரு தொழிலையே செய்கிறது. அது பாரத்தைத் தாங்குகிறது. சக்கரங்கள் அதன் முனைகளில் சுழல்கின்றன. பாதையற்ற இடங்களில் ஓடும் ஜீப்பின் முன்னச்சோ மூன்று தொழில்களைச் செய்ய வேண்டும். அது பாரத்தைத் தாங்க வேண்டும்; எஞ்சினின் விசையைக் கொண்டு சக்கரங்களைச் சுழற்ற வேண்டும்; ஓட்டுபவர் விரும்பும் பக்கம் அவை திரும்பவும் இடந்தர வேண்டும். மலைச் சரிவிலோ பாலைவனத்திலோ அது முறிந்துவிட்டால், வண்டியில் இருப்போரின் உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே, முன்னச்சை வலிமையுறச் செய்வது எவ்வாறு என்பது பொறியியலாளரை நெடுங்காலம் சிந்திக்க வைத்த வினாவாகும்.

இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டில், நான்கு சக்கரங்களாலும் இயங்கும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென அமெரிக்க இராணுவம் விரும்பியது. முதல் வண்டியைச் செய்து முடிக்க அது அளித்த காலம் 49 நாட்களே. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அப்பணியை ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியியலாளர் இரண்டே நாட்களில் வண்டியின் அமைப்பை வரைந்து தந்தார். அச்சைப் புதிதாகப் படைக்கக் காலம் இல்லை. எனவே, ஸ்டூடிபேக்கர் காருக்கு உரிய அச்சை மாற்றியமைத்து ஸ்பைசர் நிறுவனத்தார் அளித்தனர். செப்டம்பர் 23ஆம் நாள், குறித்த கெடுவிற்குள் வண்டி இராணுவத்தை அடைந்தது. ஜீப்பின் முன்னோடி அதுவே.

திரும்பும் சக்கரத்தைச் சுழற்றுவதே இதில் அரிய செயல். அதற்குச் சுழல்தண்டின் இடையில் ஒரு மூட்டு வேண்டும். எளிய மூட்டு வளைந்து நிற்கும்பொழுது, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். இக்குறையை நீக்க, எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும் சீர்வேக மூட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

பாரத்தைத் தாங்கும் முறையும் சிந்தித்து அமைக்கப்பட்டது. ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது சுழல்தண்டு அன்று. அதனைச் சூழ்ந்துள்ள உறைக்குழாயே. தண்டுக்கு முறுக்கு விசையைக் கொண்டு செல்வதொன்றே தொழில். ஆதலால், தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று விழுவதில்லை. முறிந்ததை அகற்றிவிட்டுப் பின்சக்கரங்களின் துணையால் ஊர் வந்து சேரலாம்.

கற்களிடையே ஒரு முன்சக்கரம் சிக்கிக்கொண்டது எனக் கொள்வோம். எஞ்சின் வலிந்து முறுக்குகிறது. சக்கரமோ அசைய மறுக்கிறது. இடையில் அகப்பட்ட தண்டு முறிகிறது. தண்டைப் பருமனாக்கினால் இதனைத் தடுக்கலாம். ஒரு தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது. விட்டம் நான்கு பங்கிலிருந்து ஐந்து பங்கானால், வலிமை 64இலிருந்து 125 ஆகிறது. அஃதாவது, ஏறக்குறைய இருமடங்காகிறது.

ஆனால், தண்டு முறியாவிடில் மூட்டு உடையும். மூட்டும் உறுதியானால் பற்சக்கரத்தின் பற்கள் சிதையும். உறைக்குழாய் வளையாதிருக்க அதன்மேல் எஃகுத் தகடுகளைப் பற்றவைப்பதும் உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால், வெப்பத்தால் குழாயே கோணிவிடும். எனவே, கைதேர்ந்த தொழிலாளர் சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பர். ஓர் உறுப்பை மட்டும் வலுப்படுத்துவது, முறிவை அடுத்த உறுப்பிற்கு அனுப்புவதேயாகும்.

ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃபிரீடிரிஷ் வேறு வழியை மேற்கொண்டார். அவர் உழவருக்காக வகுத்த யூனிமாக் வண்டியின் முதல் மாதிரி 1946ஆம் ஆண்டில் ஓடியது. அதில் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஓர் இணைப் பற்சக்கரம் அமைந்திருந்தது. அத்தகைய அமைப்பில், தண்டு இருமுறை சுற்றச் சக்கரம் ஒருமுறை சுற்றுமாயின், தண்டு தாங்க வேண்டிய முறுக்கு பாதியாகக் குறையும். அச்சும் தரையினின்று உயர்ந்து நிற்பதால் கற்களில் மோதுவது குறையும். தண்டைப் பருமனாக்காமலே அதன் சுமை குறைக்கப்பட்டது!

வலிமை என்பது பருமனில் மட்டும் இல்லை. எவ்வுறுப்பு எத்துணைச் சுமையைத் தாங்குகிறது என்பதை அறிந்து, அதனை எல்லா உறுப்புகளுக்கும் பகிர்ந்தளிப்பதிலேயே அது இருக்கிறது. கரடுமுரடான பாதையில் முன்னச்சு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.