ஆற்றுப்படையும் ஆற்றுப்படுத்தலும்

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். 'ஆறு' என்பது வழி; வழியிற் செலுத்துதலே ஆற்றுப்படுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையொடு எதிர்வருவோனை நிறுத்தித் தான் சென்ற வழியை எடுத்துரைப்பான். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், வழியிலுள்ள பாம்புறை குழிகளையும் வழுக்குப் பாறைகளையும் முன்னரே சொல்லி எச்சரிக்கிறது. கிடைக்கவிருக்கும் விருந்தையும் சொல்லித் தேற்றுகிறது.

உளநல வல்லுநர் பேச்சின் வழியே அளிக்கும் உதவியையும் இன்று நாம் ஆற்றுப்படுத்துதல் என்றே வழங்குகிறோம். உறக்கம் கெட்டு, படிப்பில் மனம் செல்லாது வாடும் மாணவர் பலர் அவ்வாயிலை அணுகத் தயங்குகின்றனர். 'பைத்தியம் என்பரோ? சொன்னவை ஊரறியுமோ?' என்னும் அச்சமே காரணம். ஆதலின், முதல் நாள் நிகழ்வது யாதென ஈண்டுக் காண்போம்.

முதற்சந்திப்பு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம் வரை நீளும். வந்த காரணம், உறக்கம், உணவு, குடும்பம், முன்பிருந்த நோய்கள் ஆகியவற்றை வல்லுநர் வினவுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் கேட்பார். அது வழக்கமான வினாவே, மறையாது விடையிறுத்தல் நலம். அனைத்தையும் அன்றே சொல்லிவிட வேண்டுவதில்லை. அழுகை வரின் நாணவும் வேண்டா. அவருடைய கல்வித்தகுதி, கட்டணம், எத்துணை முறை வரவேண்டும் என்பனவற்றை நாமும் கேட்கலாம். மருந்து தேவைப்படின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர்க்கு மறைகாப்பு உரிமை வழங்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறர்க்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளே அதற்கு விலக்கு. அவ்விலக்குகளை முதல் நாளே கேட்டுத் தெளிதல் நன்று.

ஒரே நாளில் துயர் தீருமென எண்ணுதல் பிழை. நெடுநாள் அடக்கியதைச் சொன்னபின் மனம் சிறிது கனத்தலும் உண்டு. சில வாரங்கள் தொடர்ந்து சென்றாலே பயன் புலப்படும். அவ்வல்லுநரிடம் மனம் ஒட்டவில்லையெனின் வேறொருவரை நாடுதல் குற்றமாகாது. ஆற்றுப்படையில் வழிகூறுவோன் உடன் நடப்பதில்லை. இங்கோ வல்லுநர் சிறிது தொலைவு உடன் வருவார். எனினும், நடக்க வேண்டியவர் நாமே.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சென்று வந்த பிள்ளையிடம், "என்ன சொன்னாய்?" என்று துருவாது, "அடுத்து என்றைக்குப் போகவேண்டும்? துணைக்கு வரவா?" என்று கேட்டால் போதும். நேரிற் செல்ல இயலாதோர், நடுவண் அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வழிகேட்டோரை இகழ்ந்தது தமிழ் மரபன்று; வழிகாட்டுதலையே இலக்கிய வகையாக்கிப் போற்றியது அது. நம்மிடையே வாடிநிற்கும் மாணவர்க்கு அவ்வழியைக் காட்டுதல் நம் அனைவர் கடனாகும்.