எஞ்சின் எண்ணெய் வடிகட்டியும் அதன் முதுமையும்

உழவுக்கு டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர்களில் சிலர், எண்ணெயை மாற்றும்போது பழைய வடிகட்டியையே விட்டுவிடுகின்றனர். இதனால் சிறிது பணம் மிஞ்சுவதாகத் தோன்றும். பின்னர் பேரிங்குகள் தேய்ந்து பெருஞ்செலவு நேரிடும். அதன் காரணம் அறியத்தக்கது.

தேயும் உலோகத் துகளும், காற்றோடு புகும் மண் தூசியும், எரிபொருளின் கரியும் எண்ணெயிற் கலக்கின்றன. மடித்த காகிதத்தின் வழியே எண்ணெயைச் செலுத்தி, வடிகட்டி இவற்றைத் தடுக்கிறது.

வெல்லப்பாகு வடிக்கும் துணியைக் கவனித்தால் இதன் போக்கு விளங்கும். புதுத் துணியில் நுண்ணிய மண் சிறிது நழுவும். துணியில் கசடு படியப் படிய, வடிவது தெளிவாகும். முடிவில் பாகு இறங்கவே மாட்டாது. காகித வடிகட்டியும் அவ்வாறே. பிடிபட்ட அழுக்கு துளைகளைச் சுருக்குவதால், சில காலம் உழைத்த வடிகட்டி புதியதைவிட நுண்ணிய துகளையும் பிடிக்கும். ஆனால் எண்ணெய்க்கு ஏற்படும் தடையும் உடன் வளரும்.

தடை மிகுந்தால் எஞ்சின் எண்ணெயின்றி நின்றுவிடாதபடி, ஒரு மாற்றுவழி வால்வு அமைக்கப்பட்டுள்ளது. அது திறந்ததும் எண்ணெய் வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குச் செல்லும். எண்ணெய் அழுத்தமானி பெரும்பாலும் வழக்கம்போலவே காட்டுமாதலால், ஓட்டுபவர் இதனை அறியார். இதுவே பெரிய அபாயம்.

ஓடாமல் நிற்கும் டிராக்டரிலும் வடிகட்டி முதுமையடையும். வெப்பத்தாலும் காலத்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் தடுப்பு இறுகிவிட்டால், நிறுத்திய பின் எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிடும்; மறுநாள் கிளப்புகையில் சில விநாடிகள் கடகடவென்ற ஓசை கேட்கும்.

டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் வடிகட்டி கெட்டதற்கு அடையாளமன்று. கரித்துகள் மில்லிமீட்டரில் 1000-இல் ஒரு பங்கினும் சிறிதாகையால், நல்ல காகிதத்தையும் கடந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை:

1. கைப்புத்தகம் கூறும் மணிக்கணக்கில் எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தே மாற்றுக. குறைவாக ஓடினாலும், அது குறிக்கும் காலக்கெடுவைத் தாண்டலாகாது.

2. காகித வடிகட்டியை மண்ணெண்ணெயிற் கழுவி மீண்டும் பூட்டலாகாது. அழுக்கு சுத்தமான பக்கத்திற்குப் போகும், காகிதமும் கிழியக்கூடும்.

3. திருகிப் பூட்டும் வகையில், புது வடிகட்டியின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்குக. எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்க்க.

4. காற்று வடிகட்டியைச் செவ்வையாக வைத்திருக்க. உள்ளே புகாத தூசியே எண்ணெய் வடிகட்டிக்குப் பெருந்துணை.

5. பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது, குடிநீர் கெடும்.