ரஷ்ய நாவல் வாசிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்

1. ரஷ்ய வரலாற்றைக் கரைத்துக் குடித்த பிறகுதான் தஸ்தாயெவ்ஸ்கியைத் தொட வேண்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் வாசிப்புக்கு வேண்டியது கொஞ்சம்தான். அதில் பெரும்பங்கு பெயர்கள்.

2. ஒருவருக்கு மூன்று பெயர்: சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர். 'குற்றமும் தண்டனையும்' நாயகன் ரோதியோன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ். அப்பா ரோமான் என்பதால் மகன் ரொமானோவிச், தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா. மரியாதைக்கு முதலிரண்டையும் சேர்த்து அழைப்பார்கள். அம்மாவுக்கு அவன் ரோத்யா, அவள் துன்யா. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று வளர்ந்த நமக்கு இது சீக்கிரமே பழகிவிடும்.

3. புத்தகத்துக்குள் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக யார் வந்தாலும் முழுப்பெயர், செல்லப்பெயர், உறவு மூன்றையும் ஒரே வரியில் குறித்துவிடுங்கள்.

4. 1861ஐ மறக்காதீர்கள். பண்ணையடிமை முறை ஒழிந்த ஆண்டு. கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1842) அதற்கு முந்தையது. செத்துப்போன பண்ணையாளின் பெயர் அடுத்த கணக்கெடுப்பு வரை பட்டியலில் இருக்கும். நிலக்கிழார் அதற்கும் வரி கட்டியாக வேண்டும். சிச்சிகோவ் அந்தப் பெயர்களை மலிவாக வாங்கி, உயிரோடிருப்பவர்களாகக் காட்டி அடகு வைக்கப் பார்க்கிறான். இது புரியாவிட்டால் கதையே பிடிபடாது. 'அன்னா கரேனினா' 1861க்குப் பிந்தையது. கூலிக்கு வரும் குடியானவர்களை வைத்துப் பண்ணையை எப்படி நடத்துவதென்று லெவின் அல்லாடுவது அதனால்தான்.

5. ஜார் அரசில் உத்தியோகத்துக்கு 14 படிநிலைகள். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் குடியில் அழியும் மார்மெலாதோவ் இருந்தது ஒன்பதாவதில். அவர் மகள் சோன்யாவிடம் இருக்கும் 'மஞ்சள் சீட்டு', போலீசில் பதிவான பாலியல் தொழிலாளிக்குத் தரப்படுவது. இது தெரிந்து படித்தால், மதுக்கடையில் அவர் மகளைப் பற்றிப் பேசும் பக்கங்களில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

6. 'போரும் அமைதியும்' 1805இல் தொடங்குகிறது. 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைகிறார். மீதியை டால்ஸ்டாயே சொல்லித் தருவார்.

7. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பல முன்னுரைகள் முடிவைப் போட்டு உடைத்துவிடுகின்றன.

8. தடிமன் மிரட்டினால் தஸ்தாயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' (1848) குறுநாவலில் தொடங்கலாம். ரா. கிருஷ்ணையாவின் தமிழாக்கம் இருக்கிறது. கோடையின் சில வாரங்களில் பீட்டர்ஸ்பர்க் இரவு முழுதாக இருட்டுவதில்லை. அதைப் படிக்க அந்த ஒரு விவரம் போதும்.